சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரிசல் மண்ணில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் நாய் இல்லாத காலம் என்று ஒன்று எனக்கு நினைவில் இல்லை. இப்போது நகரங்களில் இருப்பவர்களும் நாட்டு வேட்டை நாய் வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் விசாரிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக் கேள்விகளுக்கு என் பதில் ஒன்றுதான்: ஓடவிடுங்கள்.

சிப்பிப்பாறை எப்படிப்பட்ட நாய்?

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூர்ப் பக்கம் சிப்பிப்பாறை என்று ஒரு கிராமம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயர்தான் நாய்க்கும். விருதுநகர், தூத்துக்குடி, தென்காசி, மதுரை என்று மானாவாரிக் காடுகள் விரிந்து கிடக்கும் வட்டாரத்தில் முயல் விரட்டவும் ஆட்டுப்பட்டி காக்கவும் வளர்த்த இனம். மோப்பத்தை விடக் கண்ணை நம்பி வேட்டையாடும் வகை. வெட்டவெளியில் தூரத்தில் ஒரு புல் அசைந்தாலும் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

நீண்டு கூர்ந்த மூஞ்சி, ஆழமான நெஞ்சுக்கூடு, உள்ளே ஒட்டிய வயிறு, நீளக் கால், மெல்லிய வால். தோள் உயரம் ஏறத்தாழ 2 அடி. எடை பெரும்பாலும் 15 முதல் 20 கிலோவுக்குள் நிற்கும். முடி குட்டை, வழவழப்பு. செவலை, சாம்பல், கறுப்பு என்று பல நிறங்களில் உண்டு.

ஓட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குதிரை முழுப் பாய்ச்சலில் போகும்போது ஒவ்வொரு தாவலிலும் ஒரு முறைதான் நான்கு காலும் தரையை விட்டு எழும். இந்த வகை நாய்களுக்கு இரண்டு முறை எழும். முதுகு வில்லாக வளைந்து கால்கள் வயிற்றுக்கு அடியில் சேரும்போது ஒரு முறை, உடம்பு முழுக்க நீண்டு விரியும்போது இன்னொரு முறை. சிவிங்கிப்புலி (சீட்டா) ஓட்டமும் இப்படித்தான். அறுவடை முடிந்த காட்டில் விடியற்காலையில் அதைப் பார்த்தவர்களுக்கு வேறு எந்த நாயும் கண்ணுக்குள் நிற்காது.

கன்னி என்பது வேறு இனமா?

உருவத்திலும் குணத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. நிறம்தான் அடையாளம். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேலே இரண்டு பொட்டு, மூஞ்சியிலும் நெஞ்சிலும் காலிலும் செம்பழுப்பு என்றால் கன்னி. வெளிர் நிறத்தில் வருவதைப் பால்கன்னி என்பார்கள். கலியாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்பியதால் கன்னி என்ற பெயர் வந்ததாக ஊரில் சொல்வார்கள். ஒரே ஈற்றில் இரண்டு நிறமும் விழுவதுண்டு. தனி இனம் என்றும் ஒரே இனம் என்றும் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் நான் அந்தச் சண்டைக்குள் போவதில்லை.

ராஜபாளையம், கோம்பை நாய்களிலிருந்து எப்படி வேறுபடும்?

ராஜபாளையம் கனத்த எலும்பு, வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. காவலுக்குப் பேர் போனது. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிட்டுத்தனம் அந்த இனத்தில் பரவலாக உண்டு. குட்டி எடுக்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். கோம்பை தேனி மாவட்டத்து நாய். குட்டையான, திரண்ட உடம்பு, கருமூஞ்சி. ஓட்டத்துக்கென்றே கடைந்தெடுத்த உடம்பு சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும்தான். 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையம் இடம்பெற்றது, எங்கள் நாய்க்கு இடம் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஒவ்வொரு வேளையும் 45 நிமிடத்துக்குக் குறையாத நடை. வாரத்தில் மூன்று நான்கு நாளாவது வேலி போட்ட வெட்டவெளியில் கட்டை அவிழ்த்துவிட்டு முழு வேக ஓட்டம். இது நான் கடைப்பிடிக்கும் கணக்கு.

இந்த நாய் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. குறுகிய நேரத்தில் உயிரைக் கொடுத்து ஓடும், பிறகு வீட்டுக்கு வந்து மணிக்கணக்கில் தூங்கும். ஓடிக் களைத்த சிப்பிப்பாறையை விட அமைதியான நாயை நான் கண்டதில்லை. ஓட்டம் கிடைக்காத நாயோ செருப்பைக் கடிக்கும், கதவைப் பிறாண்டும், சுவர் தாண்டும், ஒரே இடத்தில் வட்டமடிக்கும். "ரொம்பச் சேட்டை, யாருக்காவது கொடுத்துவிடலாமா?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அதன் அன்றாடக் கதையை. பெரும்பாலும் பகலெல்லாம் சங்கிலி, ராத்திரி ஐந்து நிமிடம் தெருமுனை வரை நடை என்றே பதில் வரும். நாயின் மேல் குற்றமில்லை.

மோட்டார் சைக்கிளில் கட்டி ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். தார்ச்சாலை பாதத்தைக் கிழிக்கும். நாய் களைத்துப்போவது வண்டியில் இருப்பவருக்குத் தெரியாது. மண் தரைதான் இதற்கு ஏற்றது.

அடுக்குமாடி வீட்டில் வளர்க்கலாமா?

மேலே சொன்ன ஓட்டத்தைக் கொடுக்க முடிந்தால் வளர்க்கலாம். இந்த நாய் தேவையில்லாமல் குரைக்காது, உடம்பில் நாற்றம் குறைவு, முடி உதிர்வதும் குறைவு. பெரிய தோட்டத்தில் சங்கிலியில் கிடப்பதை விடச் சின்ன வீட்டில் இருந்து தினம் இரண்டு முறை வெளியே போகும் நாய் நன்றாக வாழும். ஆனால் வீட்டில் எல்லாரும் காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருகிறீர்கள் என்றால் வேண்டாம். வேறு வழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூப்பிட்டால் வருமா? கயிறில்லாமல் விடலாமா?

சாதாரண நேரத்தில் வரும். ஒரு முயலோ பூனையோ கண்ணில் பட்டுவிட்டால் வராது. அந்த நொடியில் அதன் காதில் உங்கள் குரல் ஏறாது. அது கீழ்ப்படியாமை அல்ல, பல தலைமுறையாக மனிதன் பார்த்துப் பார்த்துச் சேர்த்த குணம். ஆகவே சாலை இருக்கும் இடத்தில் கயிறு கட்டாயம். நான் இரண்டு வயதுக் கன்னி ஒன்றை இப்படித்தான் இழந்தேன். கயிறு கையில் இருந்தது, கழுத்தில் இல்லை. எதிர்ப்புறம் ஓடிய பூனையைப் பார்த்துச் சாலையில் இறங்கிவிட்டது.

கழுத்துப் பட்டையிலும் கவனம் வேண்டும். இந்த நாய்க்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம். சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்து உருவிக்கொண்டு போய்விடும். ஒன்றரை, இரண்டு அங்குல அகலத்தில், இழுத்தால் கொஞ்சம் இறுகும் வகைப் பட்டையோ, நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டையோ வாங்குங்கள். வீட்டுச் சுவர் ஆறடிக்குக் குறைந்தால் தாண்டும்.

பழக்குவது கடினம் என்கிறார்களே?

அடித்துப் பழக்குவது கடினம். அன்பாகப் பழக்குவது எளிது. ஒரு முறை அடித்த கையை இந்த நாய் மாதக்கணக்கில் மறக்காது, பக்கத்தில் வரவே யோசிக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே பாடத்தை நடத்தினாலும் சலித்துக்கொள்ளும். சின்னச் சின்னத் துண்டாக அவித்த ஈரலைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்து, நன்றாகச் செய்யும்போதே நிறுத்திவிட வேண்டும். கூப்பிட்டு வந்த நாயை எந்தக் காரணத்துக்காகவும் திட்டக் கூடாது. அது எவ்வளவு தாமதமாக வந்திருந்தாலும் சரி.

பொதுவாக ஒரே ஒருவரைத் தன் ஆளாக வரித்துக்கொள்ளும். வீட்டில் மற்றவர்களோடும் நன்றாகவே பழகும். ஆனால் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பது உங்களுக்காக மட்டும்தான். அந்தப் பாசம் பெரிய சொத்து, பொறுப்பும் அதே அளவு. இடையில் கைமாற்றிவிட்டால் பல நாய்கள் சாப்பிடுவதையே நிறுத்திவிடுகின்றன.

குழந்தைகள், ஆடு, கோழி, பூனை?

குழந்தைகளோடு பொறுமையாக இருக்கும். தூங்கும்போது மேலே விழுந்து கட்டிப்பிடிப்பதை மட்டும் விரும்பாது, அதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். எந்த இனமானாலும் சின்னக் குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் தனியே விடக் கூடாது.

ஆட்டோடு குட்டியிலிருந்து வளர்ந்தால் ஆட்டைக் காக்கும். கோழியை நம்ப வேண்டாம். வீட்டுப் பூனையோடு ஒரே பாயில் படுத்துக்கொள்ளும் நாய், அடுத்த வீட்டுப் பூனை ஓடினால் துரத்தும். ஓடுவதுதான் அதற்குத் தூண்டுதல்.

எலும்பு தெரிகிறது. சாப்பாடு போதவில்லையா?

இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகளும் இடுப்பு எலும்பின் முனையும் லேசாகத் தெரிவதே ஆரோக்கியமான சிப்பிப்பாறை. பார்ப்பவர்கள் பாவப்பட்டுச் சொல்வதைக் கேட்டுக் கொழுக்கவைத்தால் மூட்டுக்குத்தான் கேடு. எல்லா விலாவும் கூடையாகத் தெரிந்து, தொடையில் சதை வற்றி, முடி மங்கியிருந்தால் அது வேறு. முதலில் குடற்புழுவைச் சந்தேகியுங்கள்.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

ஊரில் கம்பங்கூழும் கேப்பைக் கூழும் மோரும் குடித்து வளர்ந்த நாய்தான். ஆனால் அந்த நாய்கள் காட்டில் எலியும் உடும்பும் பிடித்துத் தின்று இறைச்சித் தேவையைத் தாமே சரிக்கட்டிக்கொண்டன. வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு வெறும் தயிர்ச்சோறு போதாது. கோழி, ஆட்டு ஈரல், குடல், முட்டை, முள் நீக்கிய மீன் என்று ஏதோ ஒரு இறைச்சி தினமும் வேண்டும். அதோடு கஞ்சியோ சோறோ, அவித்த பூசணி, கேரட். உப்பு, மசாலா வேண்டாம். வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை; குட்டிக்கு நான்கு மாதம் வரை நான்கு வேளை, பிறகு ஆறு மாதம் வரை மூன்று. கடையில் விற்கும் உலர் தீனி கொடுப்பதானால் பாக்கெட்டில் உள்ள எடைக் கணக்கைப் பாருங்கள். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. வேகவைத்த எலும்பும் கூடாது. அது ஊசியாகச் சிதறிக் குடலைக் குத்தும்.

சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு மத்தளமாக உப்பும், வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, எச்சில் வடியும், படுக்கவும் நிற்கவும் முடியாமல் தவிக்கும். கைவைத்தியம் பார்க்க நேரமில்லை. அடுத்த நொடி மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் நாய் பிழைக்காது.

நாட்டு நாய்க்குத் தடுப்பூசி எதற்கு? நோய் எதிர்ப்பு இருக்குமே?

வெறிநோயும், குட்டிகளை வாந்தியிலும் ரத்தபேதியிலும் தள்ளும் பார்வோ என்ற தொற்றும் இனம் பார்ப்பதில்லை. பார்வோ வந்த ஈற்றில் ஆறு குட்டியில் ஐந்தைப் புதைத்த வீடு எனக்குத் தெரியும். 6 முதல் 8 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வார வயது வரை தொடர வேண்டும். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும். குடற்புழு மருந்தைக் குட்டிக்கு 2 வாரத்திலிருந்தே தொடங்கலாம். பெரிய நாய்க்கு 3 மாதத்துக்கு ஒரு முறை.

உண்ணிதான் நம் பக்கத்துப் பெரிய எதிரி. காது மடலுக்குள், விரல் இடுக்கில், வால் அடியில் தினமும் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சோர்ந்து படுக்கும், தீனியைத் தொடாது, ஈறு வெளுக்கும், சில வேளை மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை செய்து தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் தேறிவிடும். நகரங்களில் உரிமத்தையும் கவனியுங்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் தனியாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. உடம்பில் கொழுப்பு மிகக் குறைவாக உள்ள இந்த ஓட்ட நாய் வகைகளுக்குத் தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் உடம்பை விட்டு வெளியேற மிகவும் நேரமாகும். மயக்கம் தெளியாமல் போகும் ஆபத்து உண்டு. கருத்தடைக்கோ வேறு சிகிச்சைக்கோ கொண்டுபோகும்போது "இது சிப்பிப்பாறை, வேட்டை ஓட்ட வகை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். அன்றே எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, இவ்வகை நாய்களின் ரத்தத்தில் சிவப்பணு அளவு மற்ற நாய்களை விடக் கூடுதலாக இருப்பது இயல்பு. பரிசோதனைத் தாளில் அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

வெயில் தாங்குமா? குளிர்?

மற்ற பல இனங்களை விட வெயில் தாங்கும். அதற்காகச் சித்திரை மாதத்துப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓட விடலாம் என்று பொருளில்லை. புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் வைக்க முடியாவிட்டால் அதனாலும் நடக்க முடியாது. நாக்கு தொங்கி, ஈறு செக்கச் சிவந்து, நடை தள்ளாடினால் வெயில் தாக்கிவிட்டது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

குளிர்தான் ஆகாது. கொழுப்பும் இல்லை, அடிமுடியும் இல்லை. மார்கழியில் ஒரு பழைய கம்பளி போதும். வெறுந்தரையில் படுத்தால் முழங்கை காய்ப்புக் காய்த்துப் புண்ணாகும், ஆகவே மெத்தென்ற படுக்கை ஆண்டு முழுக்க வேண்டும். தோலும் மெல்லியது. முள்வேலியிலோ சீமைக் கருவேலத்திலோ உரசினால் துணி கிழிவதுபோல் கிழியும்.

முயல் வேட்டைக்குக் கூட்டிப்போகலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடித்தால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள், பிடிக்க முயல்வதும் குற்றம்தான். எங்கள் தாத்தா காலத்துப் பெருமையை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் காட்டில் இருந்த முயலில் பாதி கூட இப்போது என் கண்ணில் படுவதில்லை. நாய்க்கு வேண்டியது துரத்தும் இன்பம். நீளமான கயிற்றின் நுனியில் ஒரு துணியைக் கட்டித் தரையோடு இழுத்து ஓடுங்கள். அதே வெறியோடு துரத்தும்.

நல்ல குட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். தாய் மிரண்டு ஓடுகிறதா, கடிக்க வருகிறதா, அமைதியாக நம்மை முகர்ந்து பார்க்கிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். தகப்பன் எது, தாய்க்கும் அதற்கும் என்ன உறவு என்று கேளுங்கள். அண்ணன் தங்கையைச் சேர்த்து ஈன்ற குட்டிகளை "சுத்த ரத்தம்" என்று சொல்லி விற்கிறார்கள். அப்படி நெருங்கிய உறவில் தொடர்ந்து சேர்த்தால் குட்டிகள் நலிந்து, நோஞ்சானாகப் போகும். எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்க வேண்டாம். கடிக்கும் அளவைத் தாயிடமும் உடன்பிறப்பிடமும்தான் அது கற்றுக்கொள்கிறது.

காதைக் கத்தரித்த, உடம்பில் சூடு போட்ட குட்டியை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள். அது கொடுமை, சட்டப்படியும் தவறு. வாங்க ஆளில்லை என்றால்தான் நிற்கும்.

பெட்டைக் குட்டி வேண்டாம் என்று சொல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பல ஊர்களில் ஆண் குட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டையைக் கழித்துவிடும் வழக்கம் இருந்தது. இனம் அருகியதற்கு அதுவும் ஒரு காரணம். வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெட்டை எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஓட்டத்தில் ஆணுக்கு ஈடுகொடுக்கும், வீட்டை விட்டுச் சுற்றப் போவதும் குறைவு.

குட்டியை எப்போது ஓடவிடலாம்?

தானாக விளையாடி ஓடுவதற்குத் தடையே இல்லை. நீங்கள் கட்டாயப்படுத்தி நீண்ட தூரம் ஓட்டுவதும், உயரம் தாண்டவைப்பதும் ஒரு வயதுக்கு மேல்தான். அதற்குள் எலும்பின் வளர்முனைகள் மூடியிருக்காது.

துரத்திக்கொண்டு ஓடிய நாய் திரும்பி வரவில்லை. என்ன செய்வது?

கத்திக்கொண்டே பின்னால் ஓடாதீர்கள். கடைசியாக எந்த இடத்தில் உங்களை விட்டு ஓடியதோ அங்கேயே ஒருவர் நில்லுங்கள். வேட்டை வெறி தணிந்ததும் பெரும்பாலான நாய்கள் தான் புறப்பட்ட இடத்தைத் தேடித்தான் வரும். இருட்டிவிட்டால் நீங்கள் உடுத்திய சட்டையையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து, விடிவதற்கு முன் போய்ப் பாருங்கள். எங்கள் செவலை ஒரு முறை இரவெல்லாம் வரவில்லை. காலையில் போனபோது என் சட்டைமேல் சுருண்டு படுத்திருந்தது, பாதமெல்லாம் முள். வீட்டுக்குக் கொண்டுவந்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, ஒவ்வொன்றாக எடுக்கவே அரை நாள் ஆயிற்று.